ஓசூர் ஆயில்

யாராவது ஒரு கெட்டவன் இதில் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அப்படி ஒருத்தனும் கிடைக்கவில்லை. ஜீப் ஓட்டிய கரியண்ணன் நல்லவர். ஆயில் வாங்கி வந்த என் கொழுந்தன் சத்யராஜ் அதைவிட நல்லவன். கடைசியில் விசாரித்தால் அந்த ஆயிலே நல்ல ஆயில்தான் என்கிறார்கள். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரர் பூபதிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாங்கள் இருப்பது சித்தேரி மலையில், பஸ் வந்து திரும்புகிற இடத்துக்கும் மேலே, கல்லும் பள்ளமுமான மண் பாதையில் ஏறிப் போகவேண்டிய சின்ன ஊர். அந்தப் பாதையில் ஏறி இறங்குகிற வண்டி கரியண்ணனின் பழைய ஜீப் ஒன்றுதான். சந்தைக்குப் போகிறவர்கள், ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரையும் அடைத்துக்கொண்டு அரூர், மொரப்பூர் வழியாகத் தர்மபுரி போய், சாயங்காலம் திரும்பும். செவ்வாய், வெள்ளியில் முன்சீட் இவருக்கு. அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். ஜீப் ஓடினால் இவர் இருப்பார், ஓடாவிட்டால் இருக்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

டயாலிசிஸ்காரர்களுக்கு வெயில் காலம் நரகம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து சொல்லிவிட்டார். தாகம் அளவுக்கு அடங்குமா? ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிடுவேன். கூடக் குடித்தால் கால் வீங்கும், பிறகு நெஞ்சில் நீர் கோத்து மூச்சு இழுக்கும். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

மாசி மாதக் கடைசியில் சத்யராஜ் ஓசூரிலிருந்து வந்தான். அங்கே ஒரு கம்பெனியில் வேலை, தவணையில் புதிதாக ஒரு கார். அண்ணன் மேல் உயிர். ஒவ்வொரு தடவையும் ஏதாவது வாங்கிக்கொண்டு வருவான், ஆனால் அண்ணன் சாப்பிடக்கூடிய பண்டம் எதுவும் கடையில் கிடையாது. பழம் ஆகாது, இளநீர் ஆகாது, தித்திப்பும் காரமும் பார்த்துத்தான். அந்தத் தடவை யோசித்து யோசித்து ஜீப்புக்கு ஒரு கேன் ஆயில் வாங்கி வந்தான்.

கரியண்ணன் எப்போதும் அரூரில் முருகேஷ் ஒர்க்‌ஷாப்பில்தான் ஆயில் மாற்றுவார். ட்வென்ட்டி ஃபிஃப்டி என்று ஒரு கெட்டி ஆயில். தேய்ந்த எஞ்சினுக்குள் இடுக்கெல்லாம் அகலமாகிவிடும், மலையில் இழுத்து வெயிலில் ஓடினால் எந்த ஆயிலும் இளகும், இளகின பிறகும் கொஞ்சம் பிசுக்கு மிச்சம் இருக்கவேண்டும் என்பது முருகேஷ் கணக்கு. சத்யராஜ் கொண்டுவந்தது புதுக் காருக்கு ஊற்றுகிற மெல்லிய ஆயில். கரியண்ணன் ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். தண்ணியாட்டம் இருக்குதே தம்பி என்றார்.

“அதாங்கண்ணா இதுல விசேஷமே. சும்மா வழுக்கிட்டு ஓடும். என் காருக்கு இதாங்க ஊத்தறேன்,” என்றான் சத்யராஜ். “எங்கண்ணன் போற வண்டிங்க. அதுக்குப் போயி மட்டமான ஆயில ஊத்தலாமாங்க?”

என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தனக்காக இவ்வளவு செய்கிறானே என்று முகமெல்லாம் சிரிப்பு. வீங்கிப்போன அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது. அதைப் பார்த்த பிறகு கரியண்ணனால் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்? விலை கூடின ஆயில் எப்படிக் கெடுதல் செய்யும் என்ற நினைப்பும் இருந்திருக்கும். சத்யராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு ஜீப்புக்கு அடியில் படுத்து, பழைய ஆயிலை அவனே வடித்தான். சூடம் காட்டிப் புது ஆயிலை ஊற்றினார்கள்.

ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. எங்கள் மலையில் பங்குனியிலும் விடியற்காலை குளிரும். சாவியைத் திருப்பினதும் ஜீப் முனகாமல் பிடித்துக்கொண்டது. சத்தம் குறைந்திருக்கிறது என்று ஏறினவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஓசூர் ஆயில் ஓசூர் ஆயில் என்று ஊரில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சித்திரை பிறந்ததும் கீழ்நாட்டில் வெயில் கொளுத்த ஆரம்பித்தது. அரூர் ரோட்டில் எதிரே வருகிற காற்றே அனலாக அடித்தது. ஜீப் நிற்கிற இடத்தில் ஆயில் சொட்டுவதை நானே பார்த்தேன். கரியண்ணன் கேனில் மிச்சம் இருந்ததை அவ்வப்போது ஊற்றி அளவைச் சரிக்கட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது, மலை ஏற்றத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற விளக்கு. கரியண்ணன் சத்யராஜுக்குப் போன் போட்டார். ஆயிலால ஒண்ணும் ஆகாதுங்க, பழைய வண்டி, அந்த விளக்குக்குப் போற ஒயர்தான் கெட்டிருக்கும் என்றான் அவன். கரியண்ணனும் நம்பினார். முருகேஷிடம் காட்டலாமே என்று நான் கேட்டேன். தம்பி ஆசையாய் ஊத்தினதை வடித்துக் கீழே விட்டால் அவன் மனசு என்ன பாடுபடும், கொஞ்ச நாள் போகட்டும் என்றார் கரியண்ணன்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரருக்குக் கால் செருப்புக்குள் நுழையவில்லை. முந்தின நாள் தாகம் தாங்காமல் யாருக்கும் தெரியாமல் ஒரு சொம்பு தண்ணீர் குடித்திருந்தார். மூச்சு வாங்கியது. முன்சீட்டில் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, பின்னால் நான் உட்கார்ந்தேன். வண்டி நிறைய ஆட்கள், மேலே புளி மூட்டைகள்.

மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போகிறவர்களை இறக்கிவிட ஜீப் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கு எரிந்தது. கரியண்ணன் ஆக்ஸிலேட்டரை மிதித்தார், அணைந்தது. காலை எடுத்தார், மறுபடி எரிந்தது. பக்கத்தில் தர்மபுரி பஸ் ஒன்று புறப்பட நின்றுகொண்டிருந்தது.

“மச்சான், வண்டிய இங்கயே நிறுத்திரு,” என்றார் என் வீட்டுக்காரர். “நான் அந்த பஸ்ல போய்க்கறேன். நீ முருகேஷ வரச் சொல்லி வேற ஆயில் ஊத்து.”

கரியண்ணன் பஸ்ஸைப் பார்த்தார். முகூர்த்த நாள். படிக்கட்டில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இவரை ஏற்றினால் மூச்சுமுட்டி வழியிலேயே போய்விடுவார் என்று சொல்லி கியரைப் போட்டார். வண்டியில் இருந்த எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அண்ணா, அவர் சொல்வதைக் கேளுங்கள், நான் எப்படியாவது கண்டக்டரிடம் சொல்லி உட்கார வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று நான் கெஞ்சினேன். ஜீப் ரோட்டில் ஏறிவிட்டது.

கொஞ்ச தூரத்தில் விளக்கு அணைவதை நிறுத்திவிட்டது. ஓடும்போதும் எரிந்தது. பிறகு அடியிலிருந்து ஒரு சத்தம், யாரோ சுத்தியலால் இரும்பைத் தட்டுவதுபோல. என் வீட்டுக்காரர் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

“இன்னிக்கு ஒரு நாளப் பாக்காத மச்சான். இந்த வண்டி போச்சுன்னா நானும் போயிருவேன். நிறுத்து.”

“ஒன்னக் கொண்டுபோயி சேக்காம நிறுத்த மாட்டேன்,” என்றார் கரியண்ணன். கண்ணில் தண்ணீர் வழிய வழிய ஓட்டினார். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. அதற்கு மேல் எஞ்சின் சுற்றவே இல்லை.

இரண்டு பேர் இவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். மிஷினில் போட்டதும் மூச்சு சீரானது. வெளியே கரியண்ணனை எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். வண்டியைப் பார்க்காமல் உசுரைப் பார்த்தாயே, நீ மனுசன் என்றார்கள். அவர் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதித்துவிட்ட மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

உள்ளே கையில் குழாயோடு படுத்திருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “இன்னிக்கு வந்துட்டோம். வெள்ளிக்கெழம?” என்று கேட்டார்.

ஜீப்பைக் கட்டி இழுத்து அரூருக்குக் கொண்டுபோனார்கள். முருகேஷ் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக் கறுத்து ஒட்டிக்கிடந்தது. இனி அது ஆகாது, வேறு எஞ்சின்தான் தேடவேண்டும் என்றார். ஆயிலில் கலப்படமா என்று நான் கேட்டேன். “ஆயில் சுத்தமான ஆயிலுங்க. புது வண்டிக்கு அது நல்லதுதான். இந்த எஞ்சினுக்கும் இந்த வெயிலுக்கும் அது இல்லீங்க,” என்றார். அந்தப் பழைய ஜீப்புக்கு எஞ்சின் சேலத்திலும் கிடைக்கவில்லை. ஈரோட்டில் சொல்லி வைத்துக் காத்திருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை ஊரே வாசலில் நின்றது. மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, மாற்றி மாற்றித் தோள் கொடுத்து, பஸ் நிற்கிற இடம் வரை இவரைச் சுமந்தார்கள். பிறகு அரூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். திரும்பும்போதும் அதே பாடு. சத்யராஜ் ஒரு தடவை காரைக் கொண்டுவந்தான். மண் பாதையின் முதல் பள்ளத்திலேயே அடி தட்டி நின்றது. ஓசூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு அண்ணன் பேரை எழுதி வைத்தான், வரிசை வரவில்லை. பிள்ளைகளையும் ஆடுகளையும் விட்டுவிட்டுத் தர்மபுரியில் போய்த் தங்கலாம் என்று நான் சொன்னதற்கு இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

வாரம் போகப் போக ஆள் குறைந்தது. குறை சொல்ல முடியாது. பாதிப் பேர் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கூலிக்குக் கிளம்பிவிட்டார்கள். கரியண்ணன் மட்டும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. முன் தோள் எப்போதும் அவருடையதுதான். தோள்பட்டை புண்ணாகி, துணியை மடித்து வைத்துக்கொண்டு சுமந்தார். என் வீட்டுக்காரர் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே வருவார்.

வைகாசியில் கோடை மழை இறங்கிப் பாதை வழுக்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கரியண்ணனோடு இரண்டு பேர்தான் வந்தார்கள். தூக்குவதற்கு நாலு பேராவது வேண்டும். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன் என்று சேலையை இழுத்துச் செருகினேன். அப்போது இவர் தலையணையில் சாய்ந்தபடி சொன்னார், இன்னிக்கு உடம்பு லேசாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொல்கிறார், காலைப் பாருங்கள் என்று நான் கத்தினேன். போர்வையால் காலை மூடிக்கொண்டு அவர் சிரித்தார். அவர்களுக்கும் நம்புவதுதான் சுலபமாக இருந்தது. வெள்ளிக்கிழமை எப்படியும் ஆள் சேர்த்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“அவங்களுக்கும் வூடு வாசல் இருக்குது அம்பிகா,” என்றார்.

புதன்கிழமை அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் முட்டுக்கொடுத்து உட்காரவைத்தேன். வியாழக்கிழமை காலையில், நான் நூற்றெட்டுக்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸ் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டது என்று தகவல் வந்தபோது, அவருக்கு மூச்சு நின்றிருந்தது.

பால் ஊற்றின அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். சத்யராஜ் மூலையில் முழங்காலில் முகத்தைப் புதைத்துக் கிடந்தான். அவனிடமும் கரியண்ணனிடமும் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: நீ என்ன செய்வாய், விதி அவ்வளவுதான். கரியண்ணன் எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

“அம்பிகா, அன்னிக்கு மொரப்பூர்ல நான் வண்டிய நிறுத்தியிருந்தா...” என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் அவரைத் தேற்ற வாயைத் திறந்தார்கள். நான் விடவில்லை.

“ஆமாங்கண்ணா. நிறுத்தியிருந்தா இருந்திருப்பாரு,” என்றேன்.

எல்லோரும் என்னை முறைத்தார்கள். கரியண்ணன் முறைக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தெரியுது என்றார். பிறகு என் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.