ஒரு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில்

கம்பி கட்டுகிறவருக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து மணி நேரம் என்பது, வேலைத்தள வாசலில் முகம் பார்த்து நேரம் பதியும் கருவியை மாட்டிய மூன்றாம் நாள் தெரியவந்தது. பகல் ஒரு மணிக்கு உள்ளே, ஒரு மணிக்கு வெளியே, வேலை செய்தது அறுபது நிமிடம் என்று அது காட்டியது. சம்பளப் பட்டியல் போடுகிறவள் அந்த வரியை இரண்டு முறை பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் பார்த்தாள். அதுவரை எல்லாம் மேஸ்திரியின் நோட்டில்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் எட்டு மணி என்று எழுதுவார். எந்த வேலைக்கு எத்தனை மணி போயிற்று என்பது அவருக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: பூச்சும் டைல்ஸும் போட்ட மதிப்பீட்டைத் தாண்டி இழுத்தடிக்கும், தூண்களுக்குக் கம்பி கட்டுவது மட்டும் நாளுக்கு முன்பே முடிந்துவிடும். அது தன்னுடைய திறமை என்று பொறியாளர் பதினொரு வருடமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

கம்பி கட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஐம்பத்திரண்டு வயது, கேட்டால் மட்டும் பேசுகிறவர். “எல்லாருக்கும் இருக்கும்னு நெனச்சேன் மேடம். யாரும் அதப் பத்திப் பேசறதில்ல, நாம மட்டும் எதுக்குப் பேசணும்னு விட்டுட்டேன்” என்றார். மனைவி போய், காரியமெல்லாம் முடிந்து, அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சாப்பாட்டுச் சங்கு ஊதத் தொடங்கிப் பாதியில் நின்றது. மண்வெட்டியிலிருந்து கிளம்பிய மணல் கீழே விழாமல் அப்படியே நின்றது. மேஸ்திரி கொட்டாவிக்குத் திறந்த வாயோடு நின்றார். ஒரு மணி நேரம் கழித்துச் சங்கு மிச்சத்தை ஊதி முடித்தது. அன்றிலிருந்து வேலைநாள் தவறாமல் அந்த நேரம் வந்தது. முதலில் நின்றவர்களிடம் போய்ப் பேசிப் பார்த்தார். மனைவியைப் பற்றி, அவள் கடைசியாகக் கேட்ட ஆரஞ்சுப் பழத்தைப் பற்றி எல்லாம் சொன்னார். சுவர் பதில் சொல்லாவிட்டால் பரவாயில்லை, மனிதர்கள் சொல்லாவிட்டால் தாங்க முடியவில்லை. சும்மா இருந்தால் நினைப்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் கம்பி கட்டினார். தூணுக்கு மட்டும்தான், அது தனியாளாகச் செய்யக்கூடியது. பீமுக்குப் போகும் நாற்பதடிக் கம்பியைத் தூக்க மறுமுனையில் ஒருவர் வேண்டும். இப்படி வருடத்துக்குப் பதின்மூன்று நாள் அவருக்கு மட்டும் வயது கூடியதில், நாலு மாதம் மூத்தவனான மச்சானைத் தாண்டி அவரே மூத்தவராகிவிட்டார். மச்சானுக்கு இது தெரியாது, இன்னும் அதட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

பொறியாளர் கதையைக் கேட்டுவிட்டு, “மனுஷனுக்கு இருபத்தி நாலு மணி நேரம்தான். மெஷின்ல கோளாறு, அந்த நேரத்துக்குப் பூட்டிடுங்க” என்றார். சம்பளப் பட்டியல் போடுகிறவள் பூட்டினாள். மறுநாள் கம்பி கட்டுகிறவர் கையுறையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“சம்பளம் வேணாம் மேடம். மெஷினை மட்டும் பூட்டாம விட்டுடுங்க. முகத்தக் காட்டினா ‘நன்றி, உங்கள் நேரம் பதிவானது’ன்னு ஒரு பொம்பளக் குரல் சொல்லும். பதினோரு வருஷத்துல அந்த நேரத்துல என்கிட்ட பேசினது அது ஒண்ணுதான்.”

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை, இரண்டு நாற்காலி, ஒன்றின்மேல் எப்போதும் மடித்த துணி. நாற்பத்தாறு வயதில் அவளோடு பேசுவதற்கு அந்தக் கட்டடத்தில் இருந்தது லிப்ட்டின் குரல்தான். கதவு மூடுகிறது என்று அது சொல்லும்போது அவள் சரி என்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டார்; அன்றிலிருந்து மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொள்கிறாள். அன்று லிப்ட் பேசியபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

காலையில் முதல் வேலையாகக் கருவியின் பூட்டை எடுத்தாள். பொறியாளர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். அந்த மென்பொருளில் ஆட்களைக் குழு குழுவாகப் பிரித்து வைத்திருந்தார்கள்; குழுவில் ஒருவருக்கு எந்த நேரம் பதிவாகிறதோ, அதுதான் மற்றவர்களுக்கும். பதினான்காம் குழுவில் கம்பி கட்டுகிறவரின் பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே தன் பெயரைச் சேர்த்தாள். வேலையின் வகை என்ன என்று மென்பொருள் கேட்டதற்கு, பீம் என்று போட்டாள்.

ஒரு மணிக்குச் சங்கு ஊதத் தொடங்கிப் பாதியில் நின்றது. மின்விசிறியின் மூன்று இறக்கைகளையும் முதன்முறையாகத் தனித்தனியாகப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலில் ஒரு குமிழ் பாதிவழியில் நின்றது. வெளியே வந்து, நின்றவர்களின் மேல் இடிக்காமல், அந்தரத்தில் நின்ற மணலுக்குக் குனிந்து கொடுத்து, வாசலுக்கு நடந்தாள். கம்பி கட்டுகிறவர் கருவிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் உடனே திரும்பவில்லை, திரும்பப் பயமாக இருந்தது.

“யாரு?”

“நான்தாண்ணே. உங்க குழுவுல சேந்துட்டேன்.”

அவர் கையுறையால் முகத்தைத் துடைத்தார், துரு ஒட்டிக்கொண்டது. பிறகு, “நாப்பதடிக் கம்பி ஒண்ணு ரொம்ப நாளாக் கெடக்கு. அந்த முனையப் பிடிக்கிறியாம்மா?” என்று கேட்டார்.

மாதக் கடைசியில் பொறியாளர் வேலைவாரிச் செலவு அறிக்கையைப் புரட்டி, ஒரு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் பதினோரு பீமுக்குக் கம்பி ஏறியிருப்பதைக் கண்டார். “ஒத்தை ஆளு பீம் கம்பியத் தூக்க முடியாதே” என்றார். “ரெண்டு பேர் சார்” என்றாள் அவள். அவர் மேலே போய் பீம்களைத் தட்டிப் பார்த்தார், கட்டு உறுதியாக இருந்தது. இறங்கி வந்து கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டடத்துக்கு மதிப்பீடு போடும்போது பதினான்காம் குழுவுக்கு மட்டும் நாளைக்கு ஒரு மணி கூட்டிக்கொண்டார், தணிக்கைக்காரரும் மழைநாள் கழிவைப்போல அதை ஒப்புக்கொண்டார். கட்டடங்கள் மாறின. அவள் உள்ளங்கை காய்த்தது, தலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரம் நரைத்தது. ஆரஞ்சுப் பழக் கதையை அவர் நூறு முறை சொல்லியிருப்பார், லிப்ட் கதையை அவளும் சளைக்காமல் சொன்னாள். கருவி இப்போதும் அந்த நேரத்தில் இரண்டு முறை நன்றி சொல்கிறது. அது இருவர் காதிலும் விழுவதில்லை, அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.