ஒன்றரை அங்குலம் இறங்கிய சீட்

லிஃப்ட் கம்பெனியில் அவனை எல்லோரும் அரைப்படி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு குள்ளம். அந்தக் குள்ளம்தான் அங்கே அவனுக்குச் சோறு போட்டது. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் மற்ற மெக்கானிக்குகள் முதுகை ஒடித்துக்கொண்டு இறங்குவார்கள். அவனோ சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்து, வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வெளியே வருவான். வெளியே வந்த பிறகுதான் சிக்கல். பேருந்தில் மேல்கம்பி எட்டாது, கடையில் மேல்தட்டு எட்டாது, போட்டோ எடுத்தால் எப்போதும் முன்வரிசை.

அதனாலேயோ என்னவோ, நாற்பதை நெருங்கும் வயதில், கடையில் இருந்ததிலேயே உயரமான மோட்டார் சைக்கிளாகப் பார்த்து வாங்கினான். விற்றவர் நல்ல மனிதர். இதைவிடத் தாழ்வாக நாலு வண்டி இருக்கிறதே என்று தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். "உக்கார்றதுக்குத்தானே வாங்குறேன், நிக்கிறதுக்கா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டான். ஏறி உட்கார்ந்தால் ஒரு காலின் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது, அதுவும் அந்தப் பக்கமாகச் சாய்ந்தால். இருந்தாலும் மேலேயிருந்து பார்க்கும்போது கார்களின் கூரை தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் எதையோ குனிந்து பார்த்தான்.

அவன் மனைவி அவனைவிட ஒரு தலை உயரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. தினமும் காலையில் அவள் பின்னால் இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறிக்கொள்வாள். எட்டு சிக்னல் தாண்டி அவளைக் கடையில் இறக்கிவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் தன் ஆபீஸில் வண்டியை நிறுத்துவான். பகலில் கட்டடம் கட்டடமாகப் போவதெல்லாம் கம்பெனி வேனில். சாயங்காலம் மறுபடி அவள், மறுபடி எட்டு சிக்னல். இப்படியே நாலு வருஷம் போயிற்று. வண்டி ஒருமுறைகூடச் சரியவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் யாராவது அவன் உயரத்தைச் சீண்டினால், இந்தக் கணக்கைத்தான் எடுத்து வைப்பான்.

ஒருநாள் அவள் கடைப் படியில் கால் தவறி விழுந்தாள். வலது கணுக்காலில் மயிரிழை விரிசல் என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டு, ஐந்து வாரம் வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவன் தனியாகக் கிளம்பினான். முதல் சிக்னலில் முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. அவனும் நின்றான், காலை நீட்டினான். கீழே தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. வண்டி அவசரமே இல்லாமல், சோம்பல் முறிக்கிற மாதிரி மெதுவாகச் சாய்ந்தது. அவனும் அதோடு சாய்ந்தான். பக்கத்தில் நின்ற லாரியிலிருந்து டிரைவர் இறங்கி வந்து, வண்டியை ஒரு கையாலும் அவனை ஒரு கையாலும் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார். மூன்றாவது சிக்னலில் மறுபடி விழுந்தான். அங்கே லாரி இல்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று நின்றது, உள்ளேயிருந்து அத்தனை பிள்ளைகளும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவில்லை. மீசையில் மண் ஒட்டவில்லைதான், ஆனால் முழங்காலில் பேன்ட் கிழிந்திருந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, இந்த வண்டிக்குத் தாழ்வான சீட் போட்டுத் தருகிற கடை இருக்கிறதாமே, போய்ப் பாருங்களேன் என்றாள். விழுந்ததற்கு அவனும் ஒரு காரணம் யோசித்து வைத்திருந்தான். பின்னால் ஆள் இருந்தால் அந்தப் பாரத்தில் ஷாக் அப்சார்பர் அமுங்கும், வண்டி இறங்கும். ஆள் இல்லாததால் ஏறி நிற்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினான். மெக்கானிக் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் தலையாட்டிக்கொண்டாள்.

வண்டிகளுக்குச் சீட் மாற்றுகிற கடையை ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி நடத்திவந்தாள். சீட்டம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சுவர் முழுக்கச் சீட்டுகள் தொங்கின. அவன் உள்ளே போனதும் இருப்பதிலேயே ஒல்லியானதைக் காட்டி, இதைப் போடுங்கள் என்றான். அவள் மறுக்கவில்லை. வண்டியில் மாட்டி, அவனை ஏற்றி உட்காரவைத்து, கால்மணி நேரம் அப்படியே இருக்கச் சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். பாதங்கள் நன்றாகத்தான் எட்டின. ஆனால் பத்தாவது நிமிஷம் அவன் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை நெளிய ஆரம்பித்தான். பலகையில் உட்கார்ந்த மாதிரி எலும்பு குத்தியது.

"உயரம் சீட்டுல மட்டும் இல்ல தம்பி," என்றாள் அவள், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. "முன்பக்கம் அகலமா இருந்தா தொடை விரியும். விரிஞ்சா கால் எப்படி எட்டும்? முன்னாடி ஒடுக்கிட்டு, ஒன்றரை அங்குலம் இறக்கினாப் போதும். மெத்தையை ரொம்பச் சீவ வேண்டாம்."

பிறகு, பின்னால் யார் உட்காருவார்கள் என்று கேட்டாள். வீட்டில் என்றான். அப்படியானால் அவரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும், பின்னால் இருக்கிறவரைக் கேட்காமல் சீட் போட்டுத் தருகிற பாவத்தைத் தான் செய்வதில்லை என்று அனுப்பிவிட்டாள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மீதி நாட்கள் அவன் பேருந்தில் போனான், மேல்கம்பியில் தொங்குகிறவர்களின் அக்குளுக்குக் கீழே.

கட்டுப் பிரித்து, நடக்கலாம் என்று சொன்ன பிறகு வந்த சனிக்கிழமை, ஆட்டோவில் மனைவியைக் கூட்டிப்போனான். சீட்டம்மா இரண்டு சீட்டுகளை எடுத்து வைத்திருந்தாள். ஒன்றில் ஓட்டுபவரின் இடம் பள்ளமாகவும், பின்னால் இருப்பவரின் இடம் திண்டு போல உயரமாகவும் இருந்தது. இன்னொன்று ஒரே மட்டமாக நீண்டு, முன்பக்கம் ஒடுங்கியிருந்தது. முதலில் திண்டு வைத்ததை மாட்டி இருவரையும் ஏற்றினாள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, லேசாக இடப்பக்கம் சாய்த்தாள்.

மனைவியின் இடது கால் ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து சட்டென்று இறங்கித் தரையைத் தேடியது. எட்டவில்லை.

"நீங்க காலைத் தூக்கிக்கோங்கம்மா. அவர் கால் எட்டுதான்னு பாக்கணும்."

அவள் தூக்கிக்கொண்டாள். சீட்டம்மா மறுபடி சாய்த்தாள். கால் மறுபடி இறங்கியது. மூன்றாவது முறையும் அதேதான். சீட்டம்மா வண்டியை நிமிர்த்தி நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"தம்பி, இத்தனை நாளா இந்த வண்டியை நிறுத்தினது நீங்களா, இவங்களா?"

அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே திரும்பினால், மனைவி சிரிக்கவில்லை. கடைச் சுவரில் தொங்கிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போக எட்டு, வர எட்டு. மழையில், வெயிலில், தண்ணீர் தேங்கிய பள்ளத்தில். அந்த ஷாக் அப்சார்பர் கதையை அவளிடமே விளக்கிச் சொன்னோமே என்று நினைத்ததும் காது சுட்டது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டான்.

"வாங்கின மறுநாள்லேர்ந்து," என்றாள்.

"ஏன் சொல்லல?"

"அந்த வண்டியில ஏறினா நீங்க நிமிந்து உக்காருவீங்க. வேற எங்கயும் அப்படி உக்காந்து நான் பாத்ததில்ல. ஒரு காலைக் கீழ வெக்கிறதுல எனக்கு என்ன போச்சு?"

கணுக்கால் உடைந்ததும் இதனால்தானா என்று அவன் பதறிப்போய்க் கேட்டான். இல்லை, அது நிஜமாகவே கடைப் படிதான் என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அது வலது கால், வண்டிக்குக் கொடுத்தது இடது கால் என்று இரண்டையும் தொட்டுக் காட்டினாள். நன்றி என்று சொல்லலாம்தான். லிஃப்டைச் சரிசெய்ததும் கட்டடக்காரர்கள் அவனிடம் சொல்லும் வார்த்தை அது. இதற்குப் போதுமா? அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தான். உட்கார்ந்தவளின் துப்பட்டா தரையில் புரண்டது, அதையும் எடுத்து மடியில் போட்டான்.

அப்புறம்தான் தகராறு வந்தது. திண்டு வைத்த சீட் அவளுக்குச் சொகுசாக இருக்கும், அதையே போடலாம் என்றான் அவன். அது வேண்டவே வேண்டாம், தன் கால் எட்டாது என்றாள் அவள். இனிமேல் உன் கால் எதற்கு எட்ட வேண்டும் என்று இவன் கேட்க, எதற்கும் இருக்கட்டுமே என்று அவள் சொல்ல, சீட்டம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரே மட்டமாக இருந்த சீட்டையே எடுத்து மாட்டினாள்.

அவன் ஏறினான். இரண்டு பாதங்களின் முன்பாதியும் தரையில் அழுந்தின. கார்க் கூரைகள் இனி கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும் என்று மனைவி கேலி செய்தாள்.

"எனக்கு இது போதும்க்கா," என்றான் சீட்டம்மாவிடம். "பின்பக்கம் மட்டும் பிரிச்சு, இருக்கிறதுலயே நல்ல மெத்தையா வெச்சுத் தெச்சுக் குடுங்க. பழைய சீட்டுல பின்பக்கம் வெறும் பலகை மாதிரி, இத்தனை நாளா அதுலதான் உக்காந்து வந்திருக்கா."

"அப்பாடா," என்றாள் மனைவி. "அதை இப்பவாவது கண்டுபிடிச்சீங்களே. இடுப்பு செத்துப்போகும்."

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் யாரும் சீண்டாமலே அவன் தானாக ஆரம்பித்து, பள்ளிக்கூடப் பேருந்து உட்பட எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது குரல் தழுதழுக்குமோ என்று பயந்தான். நல்லவேளை, அதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மனைவியின் அக்கா வீடு வண்டியில் ஒன்றரை மணி நேரம். இதுவரை அங்கே பேருந்தில்தான் போவார்கள். காற்று அடித்தால் தலை வலிக்கும் என்று அவள் சொல்லிவந்தாள். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியிலேயே போகலாமா என்று அவளே கேட்டாள். பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவன் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கால்களையும் ஊன்றி நின்றான். சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எத்தனை பெட்டி என்று எண்ணினாயா என்று கேட்டான். பதில் இல்லை. முதுகில் ஏதோ பாரமாகச் சாய்ந்தது. கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு கால்களும் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்க, அவள் தூங்கிப்போயிருந்தாள்.

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். போகட்டும் என்று அவன் கையைக் காட்டி, ஒவ்வொரு வண்டியாக முன்னால் அனுப்பிவிட்டு, அவள் தானாக விழிக்கிறவரை அப்படியே நின்றான்.