பாட்டு வரும்வரை எழக்கூடாது

டென்மார்க்கின் தெற்கெல்லை ஊர்களில் ஒரு வழக்கம். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டால், அக்கம்பக்கத்தார் முந்தின நாளே வந்து வாசலில் தழை வளைவு கட்டிவிடுவார்கள். மறுநாள் விடியலில் ஜன்னலடியில் நின்று பாடுவார்கள். அதுவரை தம்பதி தூங்க வேண்டும். தூக்கம் வராவிட்டால் நடிக்க வேண்டும்.

1940 ஏப்ரலில் அப்படியொரு விடியலில் ஆஸ்முஸ் கண்ணை இறுக மூடி நடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி கத்ரினே குறட்டையோடு நடித்தாள்.

தெருவில் ஒரே இரைச்சல்.

"இவ்ளோ பேரா வந்திருக்காங்க?" என்றாள், இரண்டு குறட்டைக்கு நடுவே.

ஆஸ்முஸ் திரையை விலக்கிப் பார்த்தார். "ஜெர்மன்காரங்கடி. நாட்டைப் பிடிச்சுட்டாங்க."

"யாரு வேணா எதை வேணா பிடிக்கட்டும். பாட்டு வராம நான் எந்திரிக்க மாட்டேன். இருபத்தஞ்சு வருஷம் உங்களோட குப்பை கொட்டியிருக்கேன்."

ஆஸ்முஸ் கீழே ஓடினார். வளைவுக்கடியில் ஒரு ஜெர்மன் அதிகாரி நெகிழ்ந்துபோய் நின்றிருந்தார். எதிரே ஒரு சிப்பாய் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"வரவேற்பு வளைவு! நாங்க வர்றது எங்களுக்கே நேத்துதான் தெரியும். மேல இருபத்தஞ்சுன்னு இருக்கே?"

"வருஷமுங்க."

"அவ்ளோ வருஷமாவா காத்திருக்கீங்க?"

ஆஸ்முஸ் கேமராவைப் பார்த்தார். படம் பேப்பரில் வந்தால் படையெடுத்தவனுக்கு வளைவு கட்டியவர் என்று பேர். ஊரில் தலைகாட்ட முடியாது. பிரித்துப் போடவும் வழியில்லை. கட்டியவர்கள்தான் பிரிக்க வேண்டும்.

அவர்கள் தெருமுனையிலேயே உறைந்து நின்றிருந்தார்கள். முன்னால் பக்கத்து வீட்டு யெப், கையில் டிரம்பெட்டோடு.

"யோவ் யெப், வளைவைப் பிரிய்யா!"

"பாடாம பிரிச்சா அபசகுனம்யா."

"அப்ப பாடித் தொலை!"

"படம் எடுக்கறானே! எங்க பேரும் சேர்ந்து கெடும்."

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. "யெப்! உன் வெள்ளிவிழாவுக்கு விடியக்காலையில பனியில நின்னு பாடினேனே, மறந்துட்டியா? ஊதுடா!"

யெப் ஊதினார். மொத்தக் கூட்டமும் பாடிக்கொண்டே வளைவுக்கடியில் புகுந்தது. கத்ரினே இரவு உடையிலேயே இறங்கி வந்து, அதிகாரியை முழங்கையால் ஓரம் தள்ளி, ஆஸ்முஸின் கையைக் கோத்துக்கொண்டாள். பாட்டு என்றதும் அதிகாரி பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றினார். சிப்பாய் கேமராவை அமுக்கினான்.

"ஐயா, படத்துல நீங்க தூரத்துச் சொந்தம் மாதிரி நிக்கறீங்க. பேப்பருக்கு ஆகாது," என்றான்.

"அப்ப எங்களுக்குக் குடுத்துடுப்பா," என்றாள் கத்ரினே. "கல்யாணத்துலகூடப் படம் எடுக்கல."

ஆஸ்முஸ் அப்போதுதான் மூச்சு விட்டார். முதல் சரணம் முடியும்போது, யாரோ உள்ளே போய்ப் போட்ட காபியின் மணம் வந்தது. அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "எங்களுக்கும் காபி உண்டுங்களா?"

"பாடினவங்களுக்கு மட்டும்தான்," என்றாள் கத்ரினே.

ஒரு நாட்டைக் காலைப் பசியாறுவதற்குள் பிடித்தவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு யெப்பிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "ரெண்டாவது சரணம் எப்படி ஆரம்பிக்கும்?"