மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை

டி.வி. மேசைக்குப் பின்னால் கையை விட்டதும் நெட்காரரின் விரலில் என்னவோ பிசுபிசுவென்று ஒட்டியது. வெளியே எடுத்துப் பார்த்தார். யாரோ பாதி சப்பித் துப்பிய மிட்டாய், அதைச் சுற்றி ஒரு கொத்து முடி, அதன்மேல் கரப்பான் எச்சம். வீடு வீடாகப் போய் இணைய இணைப்புக் கோளாறு பார்க்கும் வேலையில் அவருக்குப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. ஊரான் வீட்டு அழுக்கில் கைவைத்துத்தான் பிழைப்பு. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. அதற்கு மட்டும் பழக்கம் வருவதில்லை.

"அங்க ஒண்ணும் இல்ல சார். ரவுட்டரெல்லாம் ஜோராத்தான் இருக்கு" என்றார் சோபாவில் கிடந்த அண்ணன்காரர். பனியனுக்கு வெளியே தொப்பை, தொப்பைமேல் சிப்ஸ் தூள். சுவரை அடைத்த டி.வி.யில் ஏதோ மேட்ச். விளையாடுகிறவன் மூக்கில் எத்தனை வியர்வைத் துளி என்று எண்ணிச் சொல்லிவிடலாம், அவ்வளவு துல்லியம்.

"பாருங்க, எப்படி ஓடுது! எந்தங்கச்சிதான் சும்மா சும்மா கம்ப்ளெய்ன்ட் போட்டுக்கிட்டிருக்கா. அவ லேப்டாப்பு பழசு. அதை எழுதிக்கிட்டுப் போயிடுங்க."

தங்கச்சி அறை வாசலில் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். பிறவியிலேயே காது கேட்காது என்று கதவைத் திறந்தபோதே அண்ணன் சொல்லியிருந்தார், காலணியை எங்கே விடவேண்டும் என்று சொல்கிற அதே குரலில். அவள் நெட்காரரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள், தன் போனைப் பார்த்தாள், மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆள் உஷார்தான், அட்டையைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு குடித்தார்.

"எப்பலேர்ந்து பிரச்சனை?" என்று அவளிடம் கத்திக் கேட்டார். கத்தினால் கேட்டுவிடும் என்று நினைத்த தன் லட்சணம் அடுத்த நொடியே உறைத்தது. காது சிவந்துபோய்ப் போனில் தட்டிக் காட்டினார். அவளும் தட்டிக் காட்டினாள்.

மூன்று மாதமாக வீடியோ விட்டு விட்டு வருகிறது. பல் செட் செய்யும் படிப்பு படிக்கிறேன். எங்கள் டீச்சருக்கும் காது கேட்காது. பாடம், பரீட்சை எல்லாம் வீடியோவில், கையால்தான். இரண்டு பரீட்சையில் படம் நின்று நின்று வந்ததால் வேறு கேள்வி என்று நினைத்து வேறு பதில் சொன்னேன். ஃபெயில். இன்று நாலு மணிக்குக் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மணி மூன்று ஐந்து.

அவள் அறை ஒரு பெட்டி அளவுதான். ஆனால் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. மேசையில் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன. லேப்டாப்பில் பழைய பாடம் ஒன்றை ஓடவிட்டாள். டீச்சரின் கை எழும்பியது. வட்டம் சுற்றியது. சுற்றி முடித்தபோது கை வேறெங்கோ இருந்தது. விரல்கள் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாய் ஒரு கலங்கல்.

நெட்காரர் பதினோரு வருஷமாகச் செய்வதையே செய்தார். படத்தின் தரத்தைக் கடைசிக்கு இறக்கினார். "படம் கொஞ்சம் மங்கும், ஆனா குரல் தடங்கலில்லாம வரும்" என்று எல்லோரிடமும் சொல்வதை அப்படியே தட்டி அவளிடம் நீட்டியும்விட்டார்.

அவள் படித்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பத் தட்டினாள்: குரல் வந்து நான் என்ன செய்ய?

அவருக்குத் தன் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

தரத்தைப் பழையபடி ஏற்றிவிட்டு ஒழுங்காக வேலையில் இறங்கினார். பின்னணியில் ஓடிய எல்லாவற்றையும் நிறுத்தினார். உலாவியைப் புதுப்பித்தார். ரவுட்டரை அணைத்துப் போட்டார். அதற்கு அண்ணன் "மேட்ச் போகுது சார்!" என்று உயிர் போனதுபோல் அலறினார். எதற்கும் அசையவில்லை. கடைசியில் தன் போனையும் அதே வைஃபையில் இணைத்து, அவள் லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வைத்து வேகம் பார்த்தார். போனில் எண்பது எம்.பி. வந்தது. லேப்டாப்பில் அரை. அவள் போனில் பார்த்தார். அதிலும் அதே அரை, இம்மியும் கூடவில்லை, குறையவில்லை. சுவரோ தூரமோ தடுத்தால் வேகம் ஏறி இறங்கும். இப்படி அளந்து ஊற்றினாற்போல் நிற்காது. யாரோ அளந்துதான் ஊற்றுகிறார்கள்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். வீட்டில் உள்ள கருவிகளின் பட்டியல் வந்தது. டி.வி., அண்ணன் போன், அண்ணன் டேப்லெட், எதற்கும் கட்டுப்பாடு இல்லை. தங்கச்சி லேப்டாப், தங்கச்சி போன் இரண்டுக்கு நேராக மட்டும் 'உச்ச வரம்பு: அரை'. வைத்த தேதி சரியாக மூன்று மாதத்துக்கு முன்.

கூடத்துக்கு வந்தார். "சார், இதை யாரு செட் பண்ணது?"

"நாந்தான்" என்றார் அண்ணன். கொஞ்சம் பெருமையாகக்கூட. "ஒரு வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். சாயங்காலம் அவ கிளாஸ் ஆரம்பிச்சா இங்க படம் லேசா மங்குச்சு. அதான்."

"அவங்களுக்கு ரெண்டு பரீட்சை போயிருக்கு சார்."

"அட நீங்க ஒண்ணு! அவளுக்குக் காதே கேக்காது. வெறும் படம் பாக்குறதுக்கு எதுக்கு சார் அம்புட்டு ஸ்பீடு?" ஒரு சிப்ஸை வாயில் போட்டு நொறுக்கினார்.

மேசைக்குப் பின்னால் இருந்த மிட்டாயே தேவலாம் என்று இருந்தது நெட்காரருக்கு. அதைக் கழுவினால் போய்விடும்.

"எடுத்துடுறேன் சார்."

"கை வைக்காதீங்க! கனெக்‌ஷன் என்னோடது. வீட்டுக்காரன் சொல்லாம மாத்துனீங்கன்னா உங்க ஆபீசுக்குப் போன் போடுவேன்."

கம்பெனி விதியும் அதுதான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொல்லாமல் எதையும் தொடக்கூடாது. மணி மூன்று முப்பத்தைந்து. பெயரையாவது பார்ப்போம் என்று வேலைச் செயலியில் இந்த வீட்டுக் கணக்கைத் திறந்தார். யாரும் இழுத்துப் பார்க்காத அடிப்பகுதிவரை இழுத்தார்.

பெயர் அவளுடையது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: மாற்றுத்திறனாளி சலுகை, பாதிக் கட்டணம்.

அவள் காது கேட்காததைக் காட்டிப் பாதி விலைக்கு இணைப்பு வாங்கியிருக்கிறார் அண்ணன். அதே காது கேட்காததைக் காட்டி அவளுக்கே அதைக் கிள்ளிப் போட்டிருக்கிறார். சீ, என்ன பிறவி இது.

அந்த ஆத்திரத்தோடு இன்னும் கீழே இழுத்தார். இழுக்காமல் இருந்திருக்கலாம். தொடர்பு எண் என்ற இடத்தில் அவளுடைய போன் எண். அதற்குக் கீழே பழைய புகார்கள் எட்டு. எட்டிலும் ஒரே வாசகம்: 'வாடிக்கையாளரை மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. புகார் முடிக்கப்பட்டது.' கூடவே முடித்த ஊழியரின் எண். இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் 4471.

அவர் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருக்கிற எண்.

ஐந்தாவது நன்றாகவே நினைவிருந்தது. டீக்கடையில் நின்றுகொண்டு மூன்று முறை அடித்துப் பார்த்து, "கம்ப்ளெய்ன்ட் குடுக்கத் தெரியுது, போன எடுக்கத் தெரியல, திமிரு" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்லிவிட்டு முடித்திருந்தார். சலுகை வரி அன்றும் இதே இடத்தில்தான் இருந்திருக்கும். இன்று அழைக்காமல் நேரே வந்ததும் வீடு போகிற வழியில் இருந்ததால்தான்.

நிமிர்ந்தார். அவள் வாசலில் நின்று தன் போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. ஊழியர் எண் 4471.' திரையைத் தொட்டாள், அவர் அட்டையைத் தொட்டாள். வேறொன்றும் செய்யவில்லை. வந்ததுமே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

சற்றுமுன் அண்ணனைப் பார்த்து வந்த அருவருப்பு இப்போது அவர் மேலேயே திரும்பியது. இவன் அளந்து ஊற்றினான் என்றால் நான் குழாயையே இரண்டு தடவை மூடியிருக்கிறேன் என்று நினைத்தார்.

தட்டிக் காட்டினார்: இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. வரம்பை எடுக்கட்டுமா? ரவுட்டர் கடவுச்சொல்லையும் மாற்றட்டுமா?

அவள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். அவர் வரம்பை எடுத்தார். புதுக் கடவுச்சொல்லை அவளே தட்டினாள். நெட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன பண்றீங்க? டேய், நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்ல!" அண்ணன் சோபாவிலிருந்து எழப் பார்த்தார். தொப்பை விடவில்லை. இரண்டாவது முயற்சியில் எழுந்தார்.

"கனெக்‌ஷன் உங்க தங்கச்சி பேர்ல இருக்கு சார். நீங்கதானே அவங்க சலுகை கார்டைக் குடுத்து வாங்குனீங்க? இனி ஏதாச்சும் மாத்தணும்னா அவங்ககிட்ட கேளுங்க."

"நான் எப்படி அவகிட்ட கேக்குறது? எனக்கு அந்தக் கை பாஷையெல்லாம் தெரியாது."

முப்பது வருஷம் ஒரே வீடு. நெட்காரருக்கு அதற்குமேல் அந்தக் கூடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு. அதற்கு முன்பே லேப்டாப்பில் டீச்சரின் பத்து விரலும் நகம் வரை தெரிவதைப் பார்த்து, தன் போன் எண்ணையும் அவளுக்குக் கொடுத்திருந்தார். படியிறங்கினார்.

கீழே வண்டியில் உட்கார்ந்தார். புகாரை முடிக்கச் செயலி கேட்டது: 'வாடிக்கையாளரை அழைத்து உறுதி செய்யவும்.' 'அழைத்தேன், எடுத்தார்.' 'அழைத்தேன், எடுக்கவில்லை.' இரண்டே பொத்தான். எதையும் அழுத்தாமல் அடுத்த வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கிடந்தார். சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

நாலே முக்காலுக்கு அவள் செய்தி வந்தது.

ஒன்பது கேள்வி. ஒன்பதும் புரிந்தது. எட்டு சரி, பாஸ். ஒன்று தப்பு. அது மட்டும் நானே செய்த தப்பு.

மூன்றாவது தடவையாக சூப்பர்வைசர் கூப்பிட்டார். "என்னய்யா, அந்த வீட்டை இன்னும் முடிக்கலையா?"

"இதை முடிச்சிடலாம் சார்" என்றார் நெட்காரர். "முன்னாடி எட்டு முடிச்சு வச்சிருக்கோம். அதைத் திறக்கணும். அதுல ரெண்டு என்னோடது."