பகலில் எரிந்த லைட்டு

என் கணவர் தமிழ்மாறன் திருவாரூரில் யூனியன் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் லேசில் இறங்க மாட்டார். உரிமை, மானம் என்று வெளுத்து வாங்குவார். அந்த வாய் எங்கள் ஊர் எல்லையைத் தொட்டதும் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பழைய கார் ஒன்றை வாங்கி முதல் முறையாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தோம். நான்தான் ஓட்டினேன்; அவருக்கு லைசென்ஸ் கிடையாது. எங்கள் தெருவுக்குக் கார் போக வேண்டுமானால் மேலத்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். இன்னொரு வழியான வாய்க்கால் கரையில் நடவு நேரத்துச் சேறு; டிராக்டரே புதைகிறது. நாலு பேர் பார்க்க மேலத்தெருவில் காரில் உட்கார்ந்து போக வேண்டும் என்பது எனக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி. அதற்காகவே பட்டப்பகலில் கிளம்பினேன்.

நன்னிலம் தாண்டியதும் எதிரே வந்தவர்களெல்லாம் விரல்களை விரித்து மூடி விரித்து மூடிக் காட்டினார்கள். ஹெட்லைட்டு எரிகிறதாம். சுவிட்சைத் திருகினேன், அணையவில்லை. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவினேன். அப்போதும் ஜெகஜோதியாக எரிந்தது.

"எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது. வீட்டுல போயி பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "மேலத்தெருவுல என்ன நெனப்பாங்க, தாமர?"

"லைட்டு எரியுதுன்னு நெனப்பாங்க."

அவர்கள் நினைத்தது வேறு. இரண்டு வேலி நிலத்துக்காரர் கலியமூர்த்தி நடுத்தெருவில் நின்று கையை உயர்த்தினார். பிரேக் போட்டேன்.

"என்னடா மாறா, பட்டப்பகல்ல எங்க மூஞ்சியில லைட்ட அடிச்சிக்கிட்டு வர்ற?"

"ஐயா, ஏதோ கோளாறுங்கய்யா. அணைய மாட்டேங்குது." சொல்லிக்கொண்டே என் கணவர் இறங்கினார். செருப்பைக் காருக்குள்ளேயே கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோளாறா? சாமிதுரை மவன் காரு வாங்கிட்டான்னு ஊருக்கே காட்டணுமாக்கும்! அணைச்சிட்டு அப்பறம் நவுரு."

நானும் இறங்கினேன். கலியமூர்த்தியின் பேரனுக்கு நான்தான் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டால் "வணக்கம் டீச்சர்" என்று குழைவார். அதே மனிதர் இப்போது என் பக்கம் திரும்பாமலே, "பொம்பளய ஓட்ட விட்டா இப்புடித்தான்" என்றார்.

"சார், இந்தா பாருங்க. சாவி என் கையில இருக்கு. அப்பவும் எரியுது. திமிருல எரியல, ரிப்பேருல எரியுது."

கூடி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். என் கணவர் என் முழங்கையைப் பிடித்து, "சும்மா இரேன் தாமர" என்று கெஞ்சினார்.

நன்னிலத்து மெக்கானிக் ஜாஃபர் சாதிக்குக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"லைட்டுக்குக் கரண்டு விடுற ரிலே ஒட்டிக்கிச்சு டீச்சர். பானட்டத் தொறந்தா பேட்டரி பக்கத்துல ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியிலயே படம் போட்டிருக்கும், பாத்து ஹெட்லைட்டு ரிலேயப் புடுங்கிருங்க. பகல்தான, தாராளமா ஓட்டிக்கிட்டுப் போவலாம்."

தேடிப் பிடித்தேன். பாதித் தீப்பெட்டி அளவுதான் இருந்தது, சனியன், கையைச் சுட்டது. முந்தானையால் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். லைட்டு இரண்டும் பொசுக்கென்று அணைந்தன. அப்பாடா என்றிருந்தது.

ரிலேயைக் கலியமூர்த்தியிடம் நீட்டினேன். "இதுதான் சார் கோளாறு. போதுமா?"

அவர் கையை நீட்டி வாங்கவில்லை. ஆனால் ஒதுங்கி வழி விட்டார். "சரி சரி, போங்க" என்றார். அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், போங்க என்று! எனக்குத் தலைகால் புரியவில்லை. சீட்டில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினேன்.

"ஏறுங்க."

என் கணவர் ஏறவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"நியூட்ரல்ல போடு."

"எதுக்கு? அதான் லைட்டு அணைஞ்சிடுச்சே!"

"தெருவத் தாண்டுற வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்துடுறேன். அப்பறம் ஏறிக்கிறேன்."

"அவரே போவச் சொல்லிட்டாருங்க. உங்கள யாரு தள்ளச் சொன்னா?"

என் கணவரே உள்ளே எட்டிக் கியரைத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் போனார். கார் நகர்ந்தது. யாருமே தள்ளச் சொல்லவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். கலியமூர்த்திகூட ஒரு கணம் திகைத்துத்தான் போனார். பிறகு ரொம்பப் பாசமாக, "பாத்துடா மாறா, அங்க பள்ளம் கெடக்கு" என்றார்.

"சரிங்கய்யா" என்று பின்னாலிருந்து மூச்சு வாங்கப் பதில் வந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. என் புருஷன், என் பிள்ளைகளின் அப்பா. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆத்திரம்தான் வந்தது, கலியமூர்த்தி மேல் வந்ததைவிட அதிகமாக வந்தது.

பிரேக்கை ஓங்கி மிதித்தேன். கார் நின்றுவிட்டது. அவர் தள்ளிக்கொண்டே இருந்தார்.