முப்பத்தொன்றாம் ஆணி

ஹாசிந்தோவைக் கண்டாலே எவரிஸ்தோவுக்கு வயிறு பற்றிக்கொண்டு வரும். துறைமுகத்து அலைதடுப்புச் சுவர் வேலைக்கு எவரிஸ்தோ வந்து மூன்று வருஷம். ஹாசிந்தோ வந்து இரண்டுதான். ஆனாலும் மேஸ்திரி கலிஸ்தோ அவனைத்தான் "வாப்பா ராசா" என்பார். மீன் சூப் விற்கிற மெர்சி அவன் கிண்ணத்தில் மட்டும் ஒரு துண்டு சூரை கூடப் போடுவாள். தலைக்கவசம்கூட அவனுக்கு மட்டும் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்திருக்கும். சே, இதற்கெல்லாமா ஒருத்தன் பொறாமைப்படுவான்? எவரிஸ்தோ பட்டான்.

இப்போது பெரிய காரணமும் வந்திருந்தது. சுவர் முடியப்போகிறது. தற்காலிக ஆட்கள் நாற்பது பேருக்கும் அடுத்த மாதத்தோடு சீட்டுக் கிழிகிறது. பராமரிப்புக்கென்று ஒரே ஒருத்தனை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். ஒரு வருஷமாக நாள் தவறாமல் வந்தவனுக்கு அந்த இடம். கொட்டகைப் பலகையில் ஆளுக்கு ஓர் ஆணி. காலையில் வந்ததும் நம்பர் போட்ட தகர வில்லையை அதில் மாட்டினால் வந்த கணக்கு. ஒரு நாள்கூட ஆணி வெறுமையாகக் கிடக்காதவர்கள் இரண்டே பேர். இருபத்தேழு எவரிஸ்தோ, முப்பத்தொன்று ஹாசிந்தோ.

உண்மையைச் சொன்னால், நாள் தவறாமல் யார் வந்தார்கள்? வர முடியாதவன் முந்தின நாளே வில்லையைக் கூட்டாளியிடம் கொடுத்துவிடுவான், அவன் மாட்டிவிடுவான். காய்ச்சல் வந்தாலே வேலை போய்விடும் என்கிற இடத்தில் வேறென்ன செய்வது? மார்ச்சில் எவரிஸ்தோ கால் சீழ்பிடித்து இரண்டு நாள் துறைமுகக் கிளினிக்கில் கிடந்தபோது, அவன் வில்லையை மாட்டியது ஹாசிந்தோதான். அந்த நல்ல மனசும் எவரிஸ்தோவுக்கு உறுத்தியது.

வியாழன் சாயங்காலம் ஹாசிந்தோ தன் வில்லையோடு ஓடிவந்தான்.

"மச்சான், வீட்டுல ஒதிலியாவுக்குப் பிரசவ வலி கண்டுருச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிலதான் இருப்பேன். என் வில்லைய மாட்டிவிட்டுரு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"போடா, இதெல்லாம் எனக்குச் சொல்லணுமா?"

மறுநாள் காலையில் எவரிஸ்தோ தன் வில்லையை மாட்டினான். இன்னொன்றை எடுக்கக் கை பைக்குள் போனது. வெறுங்கையாகவே வெளியே வந்தது. கிடக்கட்டும் பயல்!

"முப்பத்தொண்ணு வரலையா? அதிசயமா இருக்கே!" என்றார் மேஸ்திரி.

"பெரிய மனுஷன், எங்க சுத்துறானோ!" என்றான் எவரிஸ்தோ.

அன்று எவரிஸ்தோ இரண்டு கிண்ணம் சூப் குடித்தான். அப்படி ஒரு ருசி.

சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை வில்லை மாட்டுமுன்பே, நிரந்தர ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு பெண் அதிகாரி வந்து, பலகைக் கணக்கையும் கிளினிக், ஆஸ்பத்திரிப் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தாள். ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பொய்க் கணக்கென்று ஒன்பது பெயர்களை அடித்தாள்.

"மார்ச் பதினாலு, பதினஞ்சு கிளினிக்ல படுத்திருந்தீங்க. அதே நாள்ல வில்லை இங்க தொங்கியிருக்கு. எப்படிங்க?"

மாட்டியவன் பெயரைச் சொல்ல எவரிஸ்தோவின் நாக்கு துடித்தது. சொன்னால் பைக்குள் கிடக்கும் வில்லைக் கதையும் சந்திக்கு வரும். விழுங்கிக்கொண்டான். இருபத்தேழின் மேல் கோடு விழுந்தது.

அடுத்து ஹாசிந்தோ. வெள்ளிக்கிழமை எங்கே போனாய் என்றதும், வில்லை தொங்கியிருக்கும் என்று நம்பியிருந்தவன் திருதிருவென்று விழித்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து பிரசவச் சீட்டை எடுத்து நீட்டினான்.

"ஒரே ஒரு நாள் லீவு, அதுக்கும் சீட்டு இருக்கு. பொய்க் கணக்கு இல்லாம இவ்வளவு நாள் வந்த ஆளு இவர்தான்" என்று அவன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் ஹாசிந்தோ எவரிஸ்தோவைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"நீ மட்டும் அன்னிக்கு மாட்டியிருந்தா, ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல நான் போட்ட கையெழுத்தால நானும் தொலைஞ்சிருப்பேன் மச்சான்! இவங்க வரப்போறாங்கன்னு உனக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. என்னைக் காப்பாத்திட்டு நீ மாட்டிக்கிட்டியே! என் பிள்ளைக்கு நீதான் ஞானத்தகப்பன். மாட்டேன்னு மட்டும் சொல்லிராத."

எவரிஸ்தோ தலையாட்டினான். முப்பத்தொன்றாம் வில்லையை எடுத்து அவன் கையில் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று பிள்ளையைக் கையில் வாங்கினான். கொழுகொழுவென்று இருந்தது. நிரந்தர வேலைக்காரன் பெற்ற பிள்ளை. அதன் மேலும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.