மூன்று ஃப்யூஸும் ஒரு வெள்ளித்தாளும்

தெருவில் எல்லோருக்கும் அவள் வால்வக்கா. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் எது வாயடைத்துப் போனாலும் அவள் மேஜைக்குத்தான் வரும். அன்று மதியம் வந்தது அவள் தங்கச்சி வீட்டுக்காரருடையது. நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்திருந்தார்.

ஐந்து மணிக்கு ஒரு இசைக்குழுவில் கிட்டார் வாசிக்க ஆள் எடுக்கிறார்களாம். ஆம்ப்ளிஃபயர் சொந்தமாக இருக்கணுமாம். மனுஷனுக்கு எட்டு மாசமாக வேலையில்லை. தங்கச்சி சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஸ்விட்சைப் போட்டதும் ஃப்யூஸ் போகிறது என்றார், அவ்வளவுதான். மற்ற நாளில் வாய் ஓயாதவர்.

ஃப்யூஸ் போகாமல் சோதிக்க, பல்பை இடையில் கோத்த பெட்டி ஒன்று வைத்திருந்தாள்; அதை இரவல் வாங்கிப் போனவர் போனவர்தான். கையில் இருந்தது மூன்றே மூன்று ஃப்யூஸ். பின்மூடியைக் கழற்றினாள். ஃப்யூஸ் குழியில் கறுப்பாக ஏதோ துணுக்கு, ஊதித் தள்ளிவிட்டாள். பெரிய வால்வு இரண்டில் ஒன்றின் உச்சி, வெள்ளிப் பூச்சாய்ப் பளபளக்க வேண்டியது, பால்போல வெளுத்திருந்தது. உள்ளே காற்று புகுந்துவிட்டது.

"திருடன் சிக்கிட்டான் மாப்ள," என்றாள். அவரும் சிரித்தார்.

புது வால்வு, புது ஃப்யூஸ். ஸ்விட்ச். பட்டென்று போனது. பெரிய வால்வுகள் இரண்டையும் பிடுங்கிவிட்டு இரண்டாவது ஃப்யூஸைப் போட்டாள். அதுவும் போனது. மணி மூன்றரை.

கடைசி ஃப்யூஸை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு மிச்சமிருந்த சின்ன வால்வுகளையும் பிடுங்கினாள். எல்லா வால்வையும் எடுத்த பிறகும் இது போனால், போனது டிரான்ஸ்ஃபார்மர். அதற்கு மருந்து அவளிடம் இல்லை. அதன் கம்பியைப் புதிதாகச் சுற்றித் தரவே பத்து நாள் கேட்பார்கள்.

போட்டாள். போனது. டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் வார்னிஷ் கருகுகிற வாடை மெல்ல எழுந்தது. ஃப்யூஸ் குழியிலிருந்து ஊதித் தள்ளிய கறுப்புத் துணுக்கு இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஃப்யூஸ் போன பிறகும் இத ஓட்டியிருக்கீங்க. என்ன பண்ணீங்க மாப்ள?"

அவர் தரையைப் பார்த்தார். "அடிக்கடி போச்சு. சாக்லேட் வெள்ளித்தாள சுத்தி வச்சேன்."

"யாரு சொல்லிக் குடுத்த புத்தி இது?"

"நீங்கதானக்கா. போன வருஷம் எங்க வீட்டு ரேடியோவுக்கு அப்படித்தான் வச்சீங்க. இன்னைக்கு ஒரு நாளைக்குத் தாங்கும்னு சொன்னீங்க. இது ஆறு வாரம் தாங்குச்சு."

ஃப்யூஸ் போயிருந்தால் வால்வோடு முடிந்திருக்கும் சங்கதி, டிரான்ஸ்ஃபார்மர் தப்பியிருக்கும். மின்சாரத்தை நிற்கவிடாமல் ஓட்டி அதைக் கருக்கியது அந்தத் தாள்.

"இன்னொரு தடவ சுத்திப் பாப்பமா? ஒரு மணி நேரம் போதும்," என்றார், குழந்தை கேட்கிற மாதிரி.

"தீப்பிடிக்கும் மாப்ள. சத்தம் வராது."

போன் அடித்தது. தங்கச்சி. வால்வக்கா எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. அவர் வால்வுகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், வெளுத்துப்போன அதையும் சேர்த்து. மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தாள்.

"சரியாயிடுச்சா அக்கா?"

"இல்லடி," என்றாள். "என்னாலதான்."